வெள்ளைக் கவசம் உடம்பில் நிற்க வேண்டுமென்றால்

கேட்டவர் 163 செ.மீ. உயரம், ஒல்லியான உடல்வாகு. 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் வெள்ளைக் கவசத்தோடு வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற படைவீரரின் கவசத்துக்கான ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். பெட்டியில் செய்முறைத் தாள் எதுவும் இல்லை. வீட்டிலேயே வெட்டி ஒட்டி அணிய முடியுமா, எங்கிருந்து தொடங்குவது, இந்த உயரத்துக்கு இது எடுபடுமா, பேசாமல் ஃபோமிலேயே செய்திருக்கலாமோ என்பவை அவருடைய கேள்விகள்.

முடியும். உயரத்தைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். அந்தப் படத்திலேயே, கவசம் போட்டுக்கொண்டு காப்பாற்ற வந்த நாயகனைப் பார்த்து, இந்த வேலைக்கு நீ கொஞ்சம் குள்ளமாக இல்லையா என்றுதான் இளவரசி கேட்கிறாள். குள்ளமாக இருப்பதைப் பிளாஸ்டிக்கை வெட்டிச் சரிசெய்துவிடலாம். உடம்பு பெரிதாக இருப்பவர்கள்தான் பாவம். அவர்கள் பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும், சேர்த்த இடம் தெரியாமல் தேய்க்கவும் வேண்டும்.

பசைக் குழாயைத் திறக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பொம்மைக் கார் மாதிரிகளை ஒட்டிப் பழகியவர்கள் இந்தப் பெட்டியைக் கண்டதும் ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இது அந்த வகை வேலை இல்லை, தையல்காரரின் வேலை. பத்து முறை போட்டுப் பார்த்துக் கழற்றி, குறி வைத்து, ஒரு பக்கம் பிடித்து, இன்னொரு பக்கம் விட்டு, கடைசியில்தான் நிரந்தரமாக இணைக்க வேண்டும். இணைத்த பிறகும் கவசத்தை உடம்பில் நிறுத்துவது பிளாஸ்டிக் அல்ல, உள்ளே ஓடும் எலாஸ்டிக் பட்டைகள். ஒருவர் நடந்து வரும்போது தொடைக் கவசம் முழங்காலில் இறங்கி, மார்புத் தகடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவர் பட்டைகளில் சோம்பேறித்தனம் காட்டியிருக்கிறார் என்று பொருள்.

பாகங்கள் இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லையே என்று பயப்படாதீர்கள். 1976இல் இங்கிலாந்தில் படப்பிடிப்புக்காக அவசர அவசரமாகச் செய்யப்பட்ட கவசம் இது. உடல் கவசத்தைக் களிமண்ணில் வடித்தவர் பிரையன் மியூர், தலைக்கவசத்தை வடித்தவர் லிஸ் மூர் என்று சொல்லப்படுகிறது. கையால் வடித்த உருவங்களிலிருந்து அச்சு எடுத்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வெற்றிட முறையில் உறிஞ்சி இழுத்து உருவாக்கினார்கள். அதனால் முகத்தின் ஒரு கண் மற்றதைவிடச் சற்று வேறுபட்டிருக்கும், காதுகள் ஒரே உயரத்தில் இருக்காது. நல்ல அச்சு அந்தக் கோணலையும் சேர்த்தே தரும். அதை நேராக்க முயன்றால் தலைக்கவசம் வேறு யாரோ ஒருவருடைய முகமாகிவிடும். (இந்த அச்சுகளின் உரிமை பற்றிய வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. தலைக்கவசம் சட்டப்படி சிற்பம் ஆகாது, அதனால் சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கு இல்லை என்று 2011இல் தீர்ப்பு வந்தது. கவசம் ஒட்டுகிறவர் நிம்மதியாகத் தூங்கலாம்; விற்கப் போகிறவர்தான் தன் நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.)

ஃபோம் கேள்விக்கு வருகிறேன். இவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற, இலகுவான தாள் அருமையான பொருள். 10 மி.மீ., 5 மி.மீ. தாள்களைக் கத்தியால் வெட்டி, ஹீட் கன் என்ற சூடான காற்றை ஊதும் கருவியால் வளைத்து, ஃபெவிகால் எஸ்ஆர் வகைப் பசையால் ஒட்டினால் குறைந்த செலவில் பிரம்மாண்டமான கவசம் கிடைக்கும். வீடியோ கேம் வீரர்களின் கவசங்கள், கீறலும் துருவும் காட்ட வேண்டிய கவசங்கள் எல்லாவற்றுக்கும் நான் அதையே சொல்வேன். ஆனால் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்பது பளபளக்கும் வெள்ளைப் பரப்பு. அதன் அழகு முழுவதும் ஒளி வழுக்கி ஓடுவதில் இருக்கிறது. ஃபோமில் அந்தப் பரப்பைக் கொண்டுவர நீங்கள் படும் பாட்டுக்கு ஏபிஎஸ்ஸே மேல். முப்பரிமாண அச்சில் செய்பவர்களும் இருக்கிறார்கள். பிஎல்ஏ என்ற இழையில் அச்சிட்டால் அது ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கவசம் கோணிப்போகும். நீங்கள் வாங்கியது சரியான பொருள்தான்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கூர்மையான கட்டர் கத்தி, நிறைய மாற்று அலகுகள், இரும்பு அளவுகோல், வளைந்த முனையுள்ள கத்தரிக்கோல் (ரிமோட் கார்களின் பிளாஸ்டிக் உடலை வெட்டுவதற்கென்றே விற்பது), பல நிலை உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், பென்சில், சிறிய ஆனால் வலுவான நியோடிமியம் காந்தங்கள் ஒரு பை நிறைய. காந்தத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுழலும் வெட்டுக் கருவி வைத்திருந்தால் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் ஏபிஎஸ் வெட்டுப்படாமல் உருகி அலகைச் சுற்றிக்கொள்ளும்.

நேர்கோட்டில் வெட்ட கத்தியால் துண்டாக அறுக்க வேண்டியதில்லை. அளவுகோலைப் பிடித்து இரண்டு மூன்று முறை கீறிவிட்டு வளைத்தால் கோட்டோடு சுத்தமாக உடைந்து வரும். வளைவுகளுக்குக் கத்தரிக்கோல். வெட்டிய துண்டுகளில் ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். இணைப்புக் கோட்டின் மேல் ஒட்டும் மூடுபட்டை, அதன் உட்புறம் ஒட்டும் உள்பட்டை, விரிசல் அடைக்கும் கூழ் எல்லாம் அவற்றிலிருந்துதான் வரும். விளிம்புகளில் உள்ளே மடங்கியிருக்கும் உதட்டையும் முழுவதுமாக நீக்கிவிடாதீர்கள். பார்ப்பவருக்குப் பிளாஸ்டிக் தடிமனாகத் தோன்றுவது அந்த மடிப்பினால்தான். மணிக்கட்டு, முழங்கால் குழிவு போன்று தோலில் கடிக்கும் இடங்களில் மட்டும் குறையுங்கள்.

அளவு பார்க்கும்போது எப்போதும் இறுதியில் கவசத்துக்கு அடியில் உடல் முழுவதும் மூடி அணியப்போகும் கறுப்பு உள்ளாடையையும் வெள்ளைக் காலணியையும் போட்டுக்கொண்டே பாருங்கள். காலணியின் குதிகால் கூட்டும் உயரம், உள்ளாடையின் தடிமன் இரண்டும் கணக்கை மாற்றும்.

கையிலிருந்து தொடங்குங்கள். முன்கையும் மேற்கையும் சிறிய பாகங்கள். தவறினாலும் இழப்பு குறைவு, கை பழகிவிடும். ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக வந்திருக்கும். இரண்டையும் கையில் வைத்து டேப்பால் சுற்றி, முழங்கையை மடக்கிப் பாருங்கள். ஒல்லியான கைக்கு நிச்சயம் இடம் மிஞ்சும். அந்த மிச்சத்தை ஒரே விளிம்பில் வெட்டினால் இணைப்புக் கோடு நடுவிலிருந்து நகர்ந்துவிடும். இரண்டு பாதிகளிலும் சரிபாதியாக வெட்டுங்கள். பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்க, அந்தக் கோட்டின் மேல் ஒரு மூடுபட்டை வர வேண்டும். படத்தில் இருந்ததுபோல வேண்டுமென்றால் கைகளில் 15 மி.மீ., கால்களின் முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் 25 மி.மீ. அகலம். உள்பக்கமும் ஒரு பட்டை ஒட்டினால் இணைப்பு இரட்டிப்பு வலுப்பெறும். வெளியே தெரியாது என்பதால் அதன் அழகைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பசை விஷயத்தில் என் கட்சி ஈ-6000. இறுகிய பின்னும் ரப்பர்போல வளைந்து கொடுக்கும். மனம் மாறினால் பொறுமையாக இழுத்துப் பிரித்துவிடலாம். முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுவரை காந்தங்களை உள்ளும் வெளியுமாக ஜோடி சேர்த்துப் பிடித்து வையுங்கள். சில நொடிகளில் ஒட்டும் சூப்பர் பசை வேகமானதுதான், ஆனால் அந்த இணைப்பு வளையாது, உடையும். கூட்டத்தில் யாராவது தோளில் தட்டினால் போதும். ஈ-6000இன் ஆவி உடலுக்கு நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, குழந்தைகள் தூங்கும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களில்தான் உங்கள் உயரத்துக்கான உண்மையான வேலை இருக்கிறது. தொடைக் கவசமும் கெண்டைக்கால் கவசமும் உங்களைவிட உயரமானவருக்கு வடிக்கப்பட்டவை. அப்படியே போட்டால் இரண்டும் முழங்காலில் மோதும். நடை வாத்து நடையாகும், கவட்டையில் பிளாஸ்டிக் குத்தும். தொடைக் கவசத்தின் கீழ் விளிம்பில் வடிக்கப்பட்ட வரம்பு கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்பதால் அதைத் தொடாதீர்கள். நீளத்தை மேலே குறையுங்கள், அதுவும் ஒரே வெட்டில் வேண்டாம். உள்தொடைப் பக்கம் வெளிப்பக்கத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கெண்டைக்கால் கவசத்தில் பின்பக்க மேல் விளிம்புதான் எதிரி. காலை மடக்கும்போது முழங்காலின் பின்புறத் தோலைக் கவ்வும். அங்கே ஆழமாக வளைத்து வெட்டலாம், முன்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கீழே காலணியின் மேற்புறத்தில் இடித்தால் அங்கும் கொஞ்சம்.

தொடைக் கவசத்தை முன்னும் பின்னும் ஒட்டிக் குழாயாக்கிவிடலாம். பாதம் அதற்குள் நுழைந்துவிடும். கெண்டைக்கால் கவசம் அப்படியில்லை. முன்பக்கத்தை ஒட்டிவிட்டு, பின்பக்கத்தைத் திறந்தே வைத்து வெல்குரோ போட வேண்டும். அங்கு வரும் 25 மி.மீ. மூடுபட்டையை ஒரு பாதியில் மட்டும் ஒட்டினால் மறுபாதி அதன் அடியில் நுழைந்து மூடிக்கொள்ளும். ஒல்லிக் காலுக்கு வெட்டிய பிறகு பின்பக்கம் வாய் பிளந்து நின்றால் வெந்நீர் வைத்தியம் இருக்கிறது. ஏபிஎஸ் இளகுவது ஏறத்தாழ 105 டிகிரியில். கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் நீரில் தேவையான பகுதியை மட்டும் சில நொடிகள் அமிழ்த்தி, தடித்த கையுறையோடு மெல்ல வளைத்து, அப்படியே பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஹீட் கன்னால் இதைச் செய்யலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓரிடம் மட்டும் சூடேறி, பரப்பு அலை அலையாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. இடது முழங்காலில் மட்டும் வரும் தனித் தகடு, மண்டியிட்டுச் சுடுபவருக்கானது போன்றது. அதைக் கடைசியில் ஒட்டுங்கள்.

தொடைக் கவசம் இறங்காமல் இருக்க, உள்ளாடையின் மேல் இடுப்பில் ஒரு அகலமான பட்டை கட்டி, அதிலிருந்து வெளிப்பக்கமாக எலாஸ்டிக்கில் தொங்கவிடுங்கள். காலில் இறுக்கிப் பிடிக்க வைக்கும் முயற்சி ஒரு மணி நேரத்தில் தோற்றுப்போகும், ரத்த ஓட்டமும் கெடும்.

உடற்பகுதியில் மார்பு, முதுகு, வயிறு, இடுப்பின் பின்பக்கம், பிட்டம் என்று தனித்தனித் தகடுகள். மார்பு வயிற்றின்மேல் சற்று ஏறி நிற்கலாம்; உயரம் குறைந்தவருக்கு அந்த ஏற்றத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கண்ணை உறுத்தாது. முதுகில் அந்தச் சலுகை கிடையாது. முதுகுத் தகட்டின் கீழ் விளிம்பும் இடுப்புத் தகட்டின் மேல் விளிம்பும் தொட்டு நிற்க வேண்டும், ஏறக்கூடாது. உங்களுக்கு நிச்சயம் ஏறும். இடுப்புத் தகட்டின் மேல் விளிம்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து நின்று யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினாலே தகடு நகர்ந்துவிடும். வயிறும் இடுப்பும் பக்கவாட்டில் சந்திக்கும் இடத்தில் ஒல்லியானவருக்கு மிச்சம் வரும். அதை இடுப்புத் தகட்டிலிருந்தே எடுங்கள். வயிற்றுத் தகட்டில் பொத்தான்கள் நடுவில் இருப்பதால் அதன் அகலத்தைத் தொட்டால் எல்லாம் கோணலாகத் தெரியும்.

இப்போது பட்டைகள். ஏபிஎஸ் துண்டுகளை அல்லது நைலான் பட்டைத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டிச் பட்டன் அடித்து, அதைக் கவசத்தின் உட்புறம் ஒட்டுங்கள். தகடுகளுக்கு நடுவே ஓடும் எலாஸ்டிக்கின் இரு முனையிலும் பட்டனின் மறுபாதி. இப்படிச் செய்தால் கவசம் முழுவதையும் தனித்தனியாகக் கழற்றிக் கழுவலாம், தளர்ந்துபோன எலாஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். மார்பும் முதுகும் தோளின்மேல் இணைகின்றன. வெளியே தெரியும் வரிவரியான வெள்ளைத் தோள்பட்டைகள் அலங்காரம்தான். பாரத்தை அவற்றின் அடியில் ஓடும் பட்டை தாங்கட்டும். தோள் மூடி அந்தப் பட்டையிலிருந்து தொங்க வேண்டும், மேற்கைக் கவசம் தோள் மூடியிலிருந்து, முன்கை மேற்கையிலிருந்து. எல்லாம் ஒரே சங்கிலி. எலாஸ்டிக்கின் நீளத்தை முடிவு செய்யும் முன் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள்.

ஒட்டும்போது ஏற்படும் இடைவெளி, தவறாக வெட்டிய மூலை, விரிசல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: வெள்ளை ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்த கூழ். ஒரே நிறம், ஒரே பொருள். மெல்லிய பூச்சாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மொத்தமாக அப்பினால் அசிட்டோன் அடியிலுள்ள தகட்டையும் கரைத்துக் குழி விழவைக்கும். காய்ந்ததும் நீரில் நனைத்த உப்புத்தாளால் கரடிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக இறங்கி, பிறகு பாலிஷ். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதை வைத்து வேலை செய்யும் இடத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

தலைக்கவசத்தில் முகம், தலையின் மேல்-பின் பகுதி, இரண்டு காதுகள். முகமும் பின்பகுதியும் இணையும் இடத்தைக் காதுகள் மூடுகின்றன. பாகங்களில் என்னை அதிகம் சோதிப்பது இந்தக் காதுகள்தான். காதின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, தலைக்கவசத்தின் வளைவோடு இடைவெளியின்றி உட்காரும்வரை விடக்கூடாது. கண்ணுக்குப் பச்சை நிற அக்ரிலிக். வெல்டிங் முகமூடிக்கு விற்கும் பச்சைத் தாளும் சரியாக இருக்கும். வண்ணம் தீட்டவேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். ஹம்ப்ரால் நிறுவனத்தின் வண்ணங்களில் வயிற்றுப் பொத்தான்களின் நீலத்துக்கு 14ஆம் எண், சாம்பலுக்கு 5ஆம் எண் என்பது இந்தக் கவசம் செய்பவர்களிடையே வழக்கம்.

உள்ளே கட்டுமானத் தொழிலாளர் தொப்பியின் உட்பட்டையைப் பொருத்தினால் தலைக்கவசம் ஆடாது, காற்றோட்டத்துக்கும் இடம் இருக்கும். 40 மி.மீ. விசிறிகள் இரண்டை, ஒரு பவர் பேங்கில் ஓடும்படி, காற்று கண்ணாடியை நோக்கி வீசுமாறு வையுங்கள். வேர்வைக்கு மட்டும் அல்ல. விசிறி இல்லாவிட்டால் சில நிமிடங்களில் கண்ணாடி மூச்சில் பனித்துவிடும், பிறகு குருடர் நடைதான்.

துப்பாக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். படத்தில் வரும் ஆயுதம் பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் சப்மெஷின் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியும் எண்ணுக் கருவியும் பொருத்திச் செய்தது. அதே ஸ்டெர்லிங்தான் உரிமம் பெற்று கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் கார்பைன் 1ஏ என்ற பெயரில் தயாரானது. இந்தியாவில் அது படையினர் கையில் பார்த்துப் பழகிய உருவம். ஆகவே பிளாஸ்டிக் பொம்மையாக இருந்தாலும் கறுப்பு நிறத்தில் கையில் ஏந்தித் தெருவிலோ ரயில் நிலையத்திலோ நடக்காதீர்கள். பைக்குள் வைத்து அரங்கத்துக்குள் எடுத்துப் போங்கள், விழா விதிகளை முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த உடையில் உட்கார முடியாது, கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க முடியாது, தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது. படிக்கட்டு என்றால் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அதனால் கவசம் போடாத ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் கையில் தண்ணீர், டேப், கூடுதல் எலாஸ்டிக். நம் வெப்பத்தில் உள்ளே பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வெளியேற்றும் விளையாட்டு உடை போடுங்கள். தலை லேசாகச் சுற்றினால் பாத்திரத்தின் கௌரவத்தைப் பார்க்காமல் உடனே தலைக்கவசத்தைக் கழற்றுங்கள்.

செய்து முடித்த பின் ஆர்வம் இருந்தால் 501ஆவது லீஜன் என்ற அமைப்பைப் பாருங்கள். ஆல்பின் ஜான்சன் 1997இல் அமெரிக்காவில் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் கிளைகள். மருத்துவமனைக் குழந்தைகளைச் சந்திப்பது, அறக்கொடைக்கு நிதி திரட்டுவது அவர்கள் வேலை, சம்பளம் வாங்குவதில்லை. சேர நினைப்பவர் தம் கவசத்தின் படங்களை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் அவர்களுடைய விதிப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் அனுமதிப்பார்கள். சேராவிட்டாலும் அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. வெட்டும் முன் பார்க்க வேண்டியது அது.

அணியும் வரிசை: உள்ளாடை, காலணி, தொடை, கெண்டைக்கால், பிறகு வயிறும் இடுப்பும், மார்பும் முதுகும், கைகள், கழுத்து மூடி, கையுறை, கடைசியில் தலைக்கவசம். காலணியை மறந்துவிட்டு மேலே போய்விட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். கழிப்பறைக்குப் போவதைத் தொடைக் கவசத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.